வாரம் ஒரு பல்: கோழிக்கூட்டுக்குப் பொருத்திய சுழல்தட்டு டைமர்

ஒன்ராறியோவின் குவெல்ஃப் நகரிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள எங்கள் வீட்டின் பின்வளவில் எட்டுப் பேடுகள் நிற்கின்றன. குளிர்காலத்தில் அவற்றின் கூட்டுக்கு வெளிச்சம் கொடுப்பதற்காக மூன்று ஆண்டுகளில் மூன்று விதமான சாதனங்களை வாங்கினேன். முதல் இரண்டும் கைவிட்டன, மூன்றாவது இன்றுவரை கராஜ் சுவரில் மெல்ல முனகியபடி சுழன்றுகொண்டிருக்கிறது. ஹார்ட்வெயர் கடையில் நத்தார் விளக்குகளுக்குப் பக்கத்தில் தொங்கும், 18 டொலர் விலையுள்ள, 24 மணி நேரச் சுழல்தட்டு டைமர்தான் அது. அதனுடன் 5 வாட் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றையும், கண்ணாடி மூடி போட்ட ஒரு விளக்குக் கூட்டையும் சேர்த்து மொத்தம் 50 டொலருக்குள் முடித்தேன். இவ்வகை டைமர் பல பெயர்களில் கிடைக்கிறது. நான் எழுதுவது அந்த வகையைப் பற்றியே என்பதால் பெட்டியில் அச்சிட்டிருந்த பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

யாழ்ப்பாணத்தில் கோழி வளர்த்துப் பழகியவர்களுக்குக் கோழிக்கு ஏன் விளக்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. அங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மாலையில் முருங்கையிலோ தேசிமரத்திலோ ஏறி அடைந்த கோழி, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் இறங்கியது. குவெல்ஃப் இருக்கும் அகலக்கோட்டிலோ ஜூன் மாதத்தில் பதினைந்தரை மணி நேரத்தை நெருங்கும் பகல், டிசம்பர் 21ஆம் தேதி ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. அன்று சூரியன் காலை 7.50 அளவில் எழுந்து, மாலை 4.45 தாண்டியதும் போய்விடும். பேடு தொடர்ந்து முட்டையிடுவதற்கு நாளொன்றுக்கு 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். இங்கே ஓகஸ்ட் நடுவிலேயே பகல் அந்த அளவுக்குக் கீழே இறங்கி, ஏப்ரல் இறுதியில்தான் மீண்டும் அதனைத் தொடுகிறது.

கோழி இந்த வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் வாங்குவதில்லை. மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் ஒளியை மூளையின் அடிப்பகுதியிலுள்ள உணர்கலங்களும் நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. பகல் நீண்டிருக்கிறது என்ற செய்தி அங்கிருந்து ஹோர்மோன்களின் வழியாகக் கருவகத்துக்குப் போய்ச் சேர்கிறது. சிவப்புப் பக்கம் சாய்ந்த நீண்ட அலைநீள ஒளி எலும்பையும் தோலையும் இலகுவாகக் கடப்பதால், நீலச் சாயல் கொண்ட வெள்ளை மின்குமிழை விட 2700 கெல்வின் என்று குறித்திருக்கும் மஞ்சள் சாயலுள்ள மின்குமிழே இந்த வேலைக்குப் பொருத்தமானது. இதனை அறியாமல் முதலாண்டில் நான் வாங்கியது கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை விளக்கு. அதனுடைய குறை நிறத்தோடு நிற்கவுமில்லை.

அது சூரிய ஒளியில் மின்னேறும் விளக்கு. கம்பி இழுக்க வேண்டியதில்லை என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் எந்த மாதத்தில் வெளிச்சம் தேவையோ அந்த மாதத்தில்தான் சூரியனும் இல்லை, பலகையை மூடிப் பனியும் கிடக்கிறது. போதாக்குறைக்கு அதனுள்ளே இருந்த லிதியம் மின்கலம் உறைநிலைக்குக் கீழே மின்னேற்றத் தகுந்ததல்ல. நவம்பர் இறுதியில் இரவுக்கு நாற்பது நிமிடம் எரிந்தது, நத்தாருக்குள் அறவே நின்றது. இந்த நாட்டில் கோழிக்கூட்டுக்கு இவ்வகை விளக்கை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லவும் ஒன்றுமில்லை.

இரண்டாம் ஆண்டு வாங்கிய, கைபேசியால் இயக்கும் வை-ஃபை பிளக்கைப் பற்றி அப்படி ஒரு வரியில் முடித்துவிட முடியாது, ஏனென்றால் அது உண்மையில் கெட்டிக்காரப் பொருள். விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் குறிக்கலாம்; சூரியன் உதித்து அரை மணி நேரத்தின் பின் அணைந்துவிடு என்று சொன்னால் ஒவ்வொரு நாளும் உதய நேரத்தைத் தானே கணக்கிட்டு அணைத்துக்கொள்ளும். அந்தக் கெட்டிக்காரத்தனமே எனக்கு வினையாயிற்று. நவம்பரின் முதல் ஞாயிறு இங்கே கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவைக்கும் நாள். மனிதர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக நித்திரை கொண்டார்கள். பிளக்கும் புதிய நேரத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டது. கோழிகளைப் பொறுத்தவரை நேற்றுவரை கிடைத்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஒரே இரவில் வெட்டுப்பட்டது. பகல் திடீரென்று குறைந்தால் கோழியின் உடல் அதனை முட்டையை நிறுத்துவதற்கும் இறகு உதிர்ப்பதற்கும் வந்த அறிகுறியாக எடுத்துக்கொள்ளக்கூடும். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு இதே தவறு எதிர்த்திசையில் நடக்கும். நேர வலயத்தை மட்டும் தனியே மாற்ற வழி இருந்திருந்தால், கடிகாரத்தை மாற்றாத சஸ்காச்சுவானின் ரெஜைனா நகரைக் குறித்துவிட்டுச் சமாளித்திருப்பேன்; அந்தச் செயலியில் அதற்கு இடமிருக்கவில்லை.

அதைவிடப் பெரிய இடர் ஜனவரியில் வந்தது. வீட்டின் இணையப் பெட்டியை மாற்றியபோது பிளக்கைப் புதிய வலையமைப்பில் சேர்க்க மறந்துவிட்டேன், அதுவும் தனக்கு வழிகாட்டல் கிடைக்காமல் ஐந்து நாட்கள் அணைந்தே கிடந்தது. மறந்தது என் தவறுதான். ஆயினும் இணையம் இல்லாவிட்டால் பழைய அட்டவணைப்படியாவது நடக்கத் தெரியாத ஒரு பொருளிடம் உயிருள்ளவற்றின் நாளை ஒப்படைத்தது அதைவிடப் பெரிய தவறு என்று இன்று நினைக்கிறேன். அந்த மாத இறுதியில் வெளியே சுழியத்துக்குக் கீழே 20 பாகை குளிர் நின்றபோது இரண்டு பேடுகள் இறகை உதிர்க்கத் தொடங்கின. கழுத்தும் முதுகும் வெறுமையாகி, கழியில் மற்றவற்றின் நடுவே நெருக்கிக்கொண்டு அவை அடைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான், மறு ஆண்டு பல் வைத்த டைமரை வாங்கினேன்.

அதன் அமைப்பு மிக எளிது. கைக்கு அடங்கும் ஒரு பெட்டி. அதன் முகத்தில் 24 மணி நேரமும் குறித்த ஒரு வட்டத் தட்டு. தட்டின் விளிம்பைச் சுற்றி, அரை மணி நேரத்துக்கு ஒன்றாக 48 சிறிய பிளாஸ்டிக் பற்கள். கீழே அழுத்திய பல் கடந்துபோகும் அரை மணி நேரமும் மின்சாரம் பாயும், மேலே இழுத்துவிட்ட பல்லுக்குப் பாயாது. தட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் மின்வழங்கலின் அதிர்வெண்ணோடு சேர்ந்து ஓடுவதால், மின்சாரம் இருக்கும் வரை நேரம் பிசகுவதில்லை. கடிகாரம் மாறும் ஞாயிறு பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தட்டில் உள்ள நேரமும் சமையலறைக் கடிகாரமும் ஒரு மணி நேரம் வேறுபட்டு நிற்கும், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். என் மனைவி ஒருமுறை நல்லெண்ணத்தோடு அதைத் திருத்திவிட்டதால், இப்போது தட்டின் மேல் 'தொடாதே' என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம்.

இந்த டைமரின் குறையாகப் பலர் சொல்வது, அரை மணி நேரத்துக்குக் குறைந்த அளவில் இதை மாற்ற முடியாது என்பதாகும். கோழிக்கூட்டில் எனக்கு அதுவே மிகவும் பிடித்துப்போனது. வெளிச்சத்தை ஒரே நாளில் நான்கு மணி நேரம் கூட்டுவது கோழிக்கு நல்லதல்ல; வாரத்துக்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் வரை படிப்படியாகக் கூட்டுவதே முறை. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் கராஜுக்குள் போய் ஒரே ஒரு பல்லை அழுத்துகிறேன். இறகு உதிர்ப்பு முடிந்து புது இறகு மூடிய பின், நவம்பர் நடுவில் காலை 6.30க்குத் தொடங்கும் வெளிச்சம் வாரம் ஒரு பல்லாக முன்னேறி, ஏழாவது வாரத்தில், அதாவது புத்தாண்டுக்குச் சற்று முன்னதாக, அதிகாலை 3.30ஐ அடைகிறது. மாலையில் சூரியன் மறைந்த பின் எஞ்சும் மங்கல் ஒளியையும் சேர்த்தால் ஏறக்குறைய 14 மணி நேரம் வந்துவிடும், அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். காலை 8 மணிக்கு விளக்கு அணைந்துவிடும்.

வெளிச்சத்தை ஏன் மாலையில் கூட்டாமல் ஊர் உறங்கும் நேரத்தில் கூட்ட வேண்டும் என்று கேட்கலாம். கோழிக்கு இருளில் கண் தெரியாது. மாலை 8 மணி வரை விளக்கை எரித்துவிட்டுச் சட்டென்று அணைத்தால், தீன் பாத்திரத்தின் அருகில் நிற்கும் கோழி நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளும், கழியில் ஏற வழி தெரியாமல் தரையிலேயே இரவைக் கழிக்கும். காலையில் கூட்டினால் அந்தச் சிக்கலில்லை; மாலை இயற்கையாகவே மங்குவதைப் பார்த்து அவை தாமாகவே ஏறி அடைந்துகொள்கின்றன. வந்திருந்த அம்மா இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, "உதுகளை விடியப்புறம் மூன்றரைக்கு எழுப்பினால் அதுகள் எப்பதான் நித்திரை கொள்ளுறது?" என்று கேட்டார். மாலை ஐந்தரைக்கு அடையும் கோழிக்கு மூன்றரை வரை பத்து மணி நேர இருள் கிடைக்கிறது என்று கணக்குச் சொன்னேன். எங்களைவிட அதுகளுக்குத்தான் கூட என்று சொல்லிவிட்டுப் போனார்.

மின்குமிழைத் தெரிவு செய்வதிலும் முதலில் பிழைத்தேன். 800 லுமென் தரும் 9 வாட் மின்குமிழை மாட்டியபோது, எட்டடிக்கு ஆறடி அளவுள்ள எங்கள் கூடு சத்திரசிகிச்சைக் கூடம்போல் ஆகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் இரண்டு கோழிகள் மற்றொன்றின் வாலிறகைக் கொத்திப் பிடுங்கத் தொடங்கின. முட்டைக்குத் தேவையான வெளிச்சம் கோழியின் தலை மட்டத்தில் 10 லக்ஸ் அளவுதான். அளக்கும் கருவி இல்லாதவர்கள் கூட்டுக்குள் குனிந்து ஒரு செய்தித்தாளை விரித்துப் பார்க்கலாம்; எழுத்தைச் சிரமமின்றி வாசிக்க முடிந்தால் அதுவே போதும். 450 லுமென் தரும் 5 வாட் மின்குமிழுக்கு மாறியதும் கொத்தல் நின்றது. கண்ணாடி மூடியில் ஒரு வாரத்திலேயே மரச்சீவல் தூசியும் இறகுத் தூசியும் படிந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதால், பல் அழுத்தும் அதே ஞாயிறு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுகிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கடையில் 'உடையாத' என்று எழுதிய பழைய வகை மின்குமிழ்களும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் மேல் ஒட்டாத சட்டிகளில் பூசும் அதே வகைப் பூச்சு இருக்கும். சூடேறும்போது அதிலிருந்து வரும் புகை மனிதருக்குத் தெரியாத அளவிலேயே பறவைகளின் நுரையீரலைக் கெடுத்துக் கொன்றுவிடும். அந்தப் பூச்சு இல்லாத, சூடேறாத எல்.ஈ.டி. மின்குமிழே கூட்டுக்குள் போகலாம். அதேபோல், வெளிச்சத்தையும் வெப்பத்தையும் ஒன்றாக எண்ணி, 250 வாட் சிவப்பு வெப்ப விளக்கை இந்த டைமரில் மாட்ட நினைப்பவர்களும் உண்டு. மரச்சீவலும் தூசியும் நிறைந்த மரக்கூட்டில் அது தீப்பந்தத்துக்குச் சமம். ஈரமில்லாமல், மேலே காற்றோட்டம் வைத்துக் கட்டிய கூட்டில் வளர்ந்த கோழி இந்தக் குளிரைத் தாங்கிக்கொள்கிறது. எங்களிடமுள்ள ஷான்டெக்ளேர் இனப் பேடுகள் இரண்டும், கியூபெக்கின் ஓகாவிலிருந்த ஒரு கத்தோலிக்கத் துறவி கனடாவின் குளிருக்கென்றே கொண்டையையும் தாடியையும் சிறிதாக்கி உருவாக்கிய இனத்தைச் சேர்ந்தவை. செலவைப் பார்த்தாலும், அந்த வெப்ப விளக்கு ஒரே நாளில் 6 யூனிட் மின்சாரத்தைக் குடிக்கும். என்னுடைய 5 வாட் மின்குமிழ் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரை எரிந்தும் 4 யூனிட்டைக்கூட எட்டுவதில்லை.

டைமரைக் கூட்டுக்குள் வைக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. பெட்டியின் மேல் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உகந்தது என்று எழுதியிருந்தாலும், மழையைத் தடுக்கும் அந்த மூடி கோழித் தூசியைத் தடுக்காது, தூசி புகுந்த பற்கள் இறுகிவிடும். கராஜில், மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் பிளக் வாயில் அதைச் செருகியிருக்கிறேன். அங்கிருந்து கூட்டுக்குப் போகும் கம்பி குளிரில் விறைத்து வெடிக்காத, வெளிப்புறத்துக்கென்றே செய்யப்பட்ட தடித்த வகை. எலி கடிக்காதிருக்க, கூட்டுக்குள் போகும் பகுதியைக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன். டைமர், கம்பி, விளக்குக் கூடு மூன்றிலும், கனடாவில் மின்சாதனங்களின் பாதுகாப்புக்குச் சான்றான சி.எஸ்.ஏ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். இந்த இடத்தில் ஐந்து டொலரை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனிக் குறைகள். மின்சாரம் நின்றால் தட்டும் நின்றுவிடும்; மூன்று மணி நேரம் தடைப்பட்டால் அதன் பின் கோழிகளின் விடியல் மூன்று மணி நேரம் பிந்தும், நாமாகப் போய்த் திருத்தும் வரை அப்படியே இருக்கும். 2013 டிசம்பரில் தெற்கு ஒன்ராறியோவை உறைமழை தாக்கியபோது பல வீடுகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படியொரு நிலையில் எந்த டைமரும் உதவாது என்றாலும், சிறு தடைகளைத் தாங்க உள்ளே ஒரு மின்கலம் வைத்திருக்கலாம். இரண்டாவது குறை இதைவிட எரிச்சலூட்டுவது. பெட்டியின் பக்கவாட்டில், டைமரைப் புறக்கணித்து எப்போதும் மின்சாரம் விடுவதற்கென்று ஒரு சிறிய தள்ளு பொத்தான் இருக்கிறது. பனி அள்ளும் சவளை மாட்டும்போது அதில் முழங்கை பட்டு, இரண்டு இரவுகள் விளக்கு விடிய விடிய எரிந்தது. கோழிகள் பகலில் தூங்கி வழிந்ததைக் கண்டுதான் காரணம் தேடினேன். அதன் மேல் இப்போது நாடா ஒட்டியிருக்கிறது. தட்டிலுள்ள எண்கள் இரண்டாம் ஆண்டிலேயே மங்கிவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் நேராக மகளின் நகப்பூச்சால் இரண்டு புள்ளிகள் வைத்திருக்கிறேன்.

டைமரின் குற்றமில்லாவிட்டாலும் அதனால் வந்த வேலைகள் சில உண்டு. மூன்றரைக்கு எழும் கோழி உடனே தண்ணீர் தேடும். அந்த நேரத்தில் பாத்திரத்தில் பனிக்கட்டி இருந்தால் விளக்கினால் பயனில்லை. எனவே அடியில் சூடேற்றும் தட்டு வைத்த தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றையும் வாங்க நேர்ந்தது. முட்டையிடும் நேரமும் முன்னே நகர்ந்துவிட்டது. முன்பு பத்து மணிக்கு மேல் எடுத்த முட்டையை இப்போது எட்டுக்குள் எடுக்காவிட்டால், கடுங்குளிர் நாட்களில் அது பெட்டியிலேயே உறைந்து ஓடு பிளந்துவிடுகிறது. தீனிலும் குறை வைக்க முடியாது. குளிர்காலத்திலும் முட்டையிடும் பேட்டுக்கு முட்டைக் கோழித் தீனும் சிப்பி ஓடும் கோடைக்காலம்போலவே போய்ச் சேர வேண்டும்.

பலன் என்ன என்று கேட்டால், விளக்கில்லாத ஓர் ஆண்டின் டிசம்பரில் எட்டுக் கோழிகளிடமிருந்து வாரத்துக்கு ஐந்தாறு முட்டைகள் கிடைத்தன. பல் டைமர் வந்த முதல் ஜனவரியில் அது முப்பதைத் தாண்டியது. முதலிரண்டு வாரங்கள் எந்த மாற்றமும் தெரியாது, அதற்காகப் பல்லை அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. விளக்குப் போட்டால் கோழியிடமுள்ள முட்டைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பேடு தன் ஆயுளில் இடக்கூடியதைவிடப் பல மடங்கு கருமுட்டைகளோடுதான் பொரிக்கிறது. ஆனால் இலையுதிர் காலத்து இறகு உதிர்ப்பு அதற்கு உண்மையான ஓய்வு. அந்த இரண்டு மூன்று மாத ஓய்வைப் பறிக்கும் விதமாக ஓகஸ்ட்டிலேயே விளக்கைத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை, எங்கள் கூட்டில் நவம்பர் வரை டைமர் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கூட்டில் நாலு மாத வயது தாண்டாத விடைக்கோழிகள் இருப்பவர்களும் பொறுத்திருக்க வேண்டும். உடல் முற்றுமுன் நீண்ட பகலைக் காட்டினால் அவை அவசரப்பட்டு முட்டையிடத் தொடங்கும், சிலவற்றுக்கு முட்டைப்பாதையே வெளியே தள்ளிவிடும்.

இரண்டு மூன்று கோழிகள் மட்டும் வைத்திருந்து, குளிர்காலத்தில் முட்டையைக் கடையில் வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கு இது எதுவும் தேவையில்லை. அடிக்கடி மின்தடை வரும் ஊர்ப்புறத்தில் இருப்பவர்கள், உள்ளே மின்கலம் வைத்த இலக்க டைமரைப் பார்க்கலாம். ஆனால் அதில் கோடைநேர மாற்றத்தை அணைத்துவைக்கும் வசதி உண்டா என்பதைக் கடையிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். மார்ச் மாதத்திலிருந்து பகல் தானாகவே இரு பக்கமும் நீளுகிறது, நான் மறுபடி ஞாயிறுதோறும் ஒவ்வொரு பல்லாக மேலே இழுத்துவிடுகிறேன். இந்த ஆண்டு கடைசிப் பல்லை இழுத்தது ஏப்ரல் 26ஆம் தேதி. டைமரின் முதுகில் ஒட்டியுள்ள நாடாவில், சென்ற ஆண்டின் தேதிக்குக் கீழே அதை எழுதிவைத்திருக்கிறேன்.